சிசிஎன்ஏ தேர்வுக்கு எந்த வரிசையில் படிப்பது? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முழுமையான வழிகாட்டி

நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ தேர்வை, அதாவது நெட்வொர்க் வேலைக்கான அடிப்படைச் சான்றிதழுக்கு உரிய 200-301 என்ற எண்ணுள்ள தாளை, எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிப்ளமோவோ பிஎஸ்சியோ பிஇயோ முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படிப்பவர்களும், பாலக்கோடு, அரூர், பர்கூர், ஊத்தங்கரைப் பக்கம் வீட்டிலிருந்து தனியாகப் படிப்பவர்களும் என் மனதில் இருக்கிறார்கள். நெட்வொர்க் வேலையில் இருந்துகொண்டு இப்படிப் பலரைத் தேர்வுக்கு உட்கார வைத்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் தடுக்கி விழுவது வரிசை தப்பும் இடத்தில்தான். சப்நெட்டிங் (ஒரு நெட்வொர்க்கின் முகவரிகளைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கு) கைக்கு வருமுன் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழிகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) வீடியோ பார்க்கிறார்கள். லேப் (கமாண்ட் அடித்து நெட்வொர்க் கட்டும் செய்முறைப் பயிற்சி) போடாமலே மாதிரித் தேர்வுக்குப் போகிறார்கள். அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள்.

தேர்வு நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 டாலர், வரி தனி. தேறினால் சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். நம் ஊர்ச் சம்பளத்துக்கு 300 டாலர் சின்னத் தொகை இல்லை, ஒரே தடவையில் முடிக்கப் பாருங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு லேப்டாப் கட்டாயம். பழைய மெஷினே போதும், 4 ஜிபிக்கு மேல் ராம் இருந்தால் நல்லது. வீடியோவைப் போனில் பார்க்கலாம், கமாண்டை அதில் அடித்துப் பழக முடியாது.

அடுத்தது பாக்கெட் ட்ரேசர், கணினித் திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் மென்பொருள். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி இறக்கிக்கொள்ளலாம். இறக்கி நிறுவிவிட்டால் லேப் போடப் பெரும்பாலும் நெட் பேக் தேவைப்படாது என்பது கிராமத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய சௌகரியம்.

“பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய சுவிட்சும் ரவுட்டரும் வாங்கிட்டு வந்துடட்டுமாண்ணா?” என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவர் கேட்பார். வேண்டாம். இந்தத் தேர்வின் பாடத்துக்குப் பாக்கெட் ட்ரேசரே போதும். வாங்கி வந்தவர்களின் முதல் மாதம் கன்சோல் கேபிளையும் டிரைவரையும் தேடுவதிலேயே கரைகிறது. அந்தப் பணத்தைத் தேர்வுக் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள்.

ஒரு வீடியோ தொடர், ஒரு புத்தகம், ஒரு கோடு போட்ட நோட்டு. ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள். மூன்று ஆசிரியர்களின் தொடரை ஒரே நேரத்தில் பார்ப்பவர்கள் மூன்றிலும் முதல் பத்து வீடியோவைத்தான் பார்த்திருப்பார்கள்.

நீங்கள் படித்த கல்லூரியோ பாலிடெக்னிக்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்த இடமா என்று துறைத்தலைவரிடம் கேட்டுவையுங்கள். அகாடமி வகுப்புகளை நல்ல மதிப்பெண்ணோடு முடிப்பவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தில் சலுகைக் கூப்பன் கிடைக்கும் வழி உண்டு. கேட்காமல் விட்டவர்கள் நிறைய.

2. பாடப்பட்டியலை அச்செடுங்கள்

சிஸ்கோ தளத்தில் தேர்வுப் பாடப்பட்டியல் பிடிஎஃப் ஆகவே கிடைக்கிறது. அதை ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். வீடியோ தொடர் சொல்வதோ இன்ஸ்டிடியூட் கொடுத்த ஸ்பைரல் நோட்ஸோ உங்கள் பாடத்திட்டம் ஆகாது. இந்தப் பட்டியல்தான் பாடத்திட்டம்.

அதில் ஆறு பிரிவுகள் உண்டு. நெட்வொர்க் அடிப்படைகள் 20 சதவீதம், சுவிட்சிங்கும் வயர்லெஸ்ஸும் அடங்கிய நெட்வொர்க் ஆக்சஸ் 20, ரவுட்டிங் அடங்கிய ஐபி கனெக்டிவிட்டி 25, ஐபி சர்வீசஸ் 10, செக்யூரிட்டி அடிப்படைகள் 15, ஆட்டோமேஷன் 10.

ஒவ்வொரு வரியும் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று பாருங்கள். ‘கான்ஃபிகர் அண்ட் வெரிஃபை’ என்றிருந்தால் அதை நீங்கள் கமாண்ட் அடித்துச் செய்ய வேண்டும், சரிபார்க்கவும் வேண்டும். விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்), ட்ரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு), ஈதர்சேனல் (பல கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டுவது), ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் வழி), ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃப், நாட் (ஐபி முகவரியை மாற்றி அனுப்புவது), ஏசிஎல் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) எல்லாம் அந்த ரகம். ‘டிஸ்க்ரைப்’, ‘எக்ஸ்ப்ளெய்ன்’ என்றிருந்தால் புரிந்து வைத்திருந்தால் போதும். எச்எஸ்ஆர்பி போன்ற முதல்-ஹாப் நெறிமுறைகளின் (ஒரு கேட்வே ரவுட்டர் விழுந்தால் இன்னொன்றை ஏற்க வைப்பவை) நோக்கம் தெரிந்தால் போதும் என்று பட்டியலே சொல்லும்போது, அதற்கு ஒரு வாரம் லேப் போடுவது வீண். முதல் ரகத்துக்குச் சிவப்பு மை, இரண்டாவதுக்கு நீல மை என்று குறியுங்கள். உங்கள் நேரத்தில் முக்கால் பங்கு சிவப்புக்குப் போக வேண்டும்.

நோட்ஸ் பழையதா என்று பார்க்க ஒரு குறுக்குவழி சொல்கிறேன். பட்டியலின் 1.1 பதிப்பு 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆன்சிபிள், டெராஃபார்ம் என்ற ஆட்டோமேஷன் கருவிகள் இருக்கும். உங்கள் நோட்ஸ் பப்பெட், செஃப் என்று பேசினால் அதற்கு முந்தைய பதிப்பு. ஈஐஜிஆர்பி என்ற ரவுட்டிங் நெறிமுறையின் கான்ஃபிகரேஷனுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கியிருந்தால் அது 2020 பிப்ரவரிக்கு முந்தைய தாளுக்கானது, மூடி வைத்துவிடுங்கள்.

3. முதலில் சப்நெட்டிங், மற்றதெல்லாம் பிறகு

எல்லோரும் தள்ளிப்போடும் பாடம் இது. இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ரவுட்டிங் டேபிளைப் படிக்க, ஓஎஸ்பிஎஃப்பில் வைல்டுகார்டு (தலைகீழ் மாஸ்க்) போட, ஏசிஎல் எழுத, டிஎச்சிபி பூல் (கணினிகளுக்குத் தானாக வழங்கும் முகவரித் தொகுப்பு) கட்ட, எல்லாவற்றுக்கும் இது வேண்டும். இது கைக்கு வராதவர் பின்னால் வரும் ஒவ்வொரு லேப்பிலும் எங்கே தவறு என்று தெரியாமல் முழிப்பார்.

தேவையான கணக்கு மிகக் குறைவு. நோட்டின் மேல் ஓரத்தில் 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதுங்கள். அதற்குக் கீழே இடமிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் 128, 192, 224, 240, 248, 252, 254, 255. மேல் வரி தொகுதியின் அளவு, கீழ் வரி மாஸ்க்கின் எண் (முகவரியில் நெட்வொர்க் பகுதி எதுவரை என்று காட்டுவது மாஸ்க்). இந்த இரண்டு வரிகளே முழுக் கருவி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முகவரி 172.16.45.200/20, அதாவது முதல் 20 பிட் நெட்வொர்க்குக்கு. முதல் 16 பிட் இரண்டு ஆக்டெட்டில் (புள்ளிகளால் பிரிந்த 8 பிட் எண்கள்) முடிந்தது, மிச்சம் 4 பிட் மூன்றாவது ஆக்டெட்டில். நான்காவது இடத்தில் மேல் வரியில் 16, கீழ் வரியில் 240. ஆக மாஸ்க் 255.255.240.0, தொகுதி 16. மூன்றாவது ஆக்டெட் 16, 16 ஆகத் தாவும்: 0, 16, 32, 48. நம்முடைய 45 விழுவது 32க்கும் 48க்கும் நடுவில். நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் அனுப்பும் கடைசி முகவரி) 172.16.47.255, இடையில் பயன்படுத்தக்கூடிய முகவரிகள் 4094.

புதியவர்கள் இங்கே இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, தாவும் ஆக்டெட்டை விட்டுவிட்டுக் கடைசி ஆக்டெட்டில் இருக்கும் 200ஐப் பிடித்துக்கொள்வது. இன்னொன்று, பிராட்காஸ்டை 172.16.48.0 என்று எழுதுவது. அது அடுத்த நெட்வொர்க்கின் முகவரி. அதற்கு ஒன்று முந்தையதுதான் நம் பிராட்காஸ்ட்.

அடுத்தது வெவ்வேறு அளவில் பிரிப்பது. கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலைக்கு 60 முகவரி, அலுவலகத்துக்கு 28, கேமராக்களுக்கு 12, இரு ரவுட்டர்களுக்கு நடுவே 2. கொடுத்திருப்பது 192.168.50.0/24. பெரியதிலிருந்து தொடங்குங்கள். 60க்கு /26, அது 0 முதல் 63 வரை. 28க்கு /27, 64 முதல் 95 வரை. 12க்கு /28, 96 முதல் 111 வரை. 2க்கு /30, 112 முதல் 115 வரை. சிறியதிலிருந்து தொடங்கி 0இல் /30 போட்டால், /26க்கு 4இல் தொடங்க முடியாது, 64க்குத் தாவ வேண்டும். நடுவில் உள்ள இடம் துண்டுதுண்டாகிவிடும். இதைச் சொல்லிக் கேட்பதைவிட ஒருமுறை தப்பான வரிசையில் நீங்களே போட்டுப் பாருங்கள், மறக்காது.

தினமும் பத்துக் கணக்கு. கால்குலேட்டர் கூடாது. ஒன்றுக்கு முப்பது நொடிக்குள் விடை வரும்வரை அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள். வந்த பிறகும் தேர்வு நாள்வரை தினம் ஐந்து கணக்கு தொடரட்டும், இரண்டு வாரம் விட்டால் வேகம் போய்விடும்.

4. ஒரு பாக்கெட் போகும் வழியை வாய்விட்டுச் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம் கிளையில் ஒரு பிசி. கிருஷ்ணகிரி தலைமை அலுவலகத்தில் ஒரு சர்வர். நடுவில் இரண்டு ரவுட்டர். பிசியிலிருந்து சர்வருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கமாண்ட்) அடித்தால் என்னென்ன நடக்கிறது என்று முதலிலிருந்து கடைசிவரை தமிழிலேயே சொல்லிப் பாருங்கள்.

ஏஆர்பி என்பது ஓர் ஐபிக்கு உரிய மேக் (கருவியின் வன்பொருள்) முகவரியைக் கேட்கும் முறை. இங்கே நான் கேட்கும் முதல் கேள்வி: “தம்பி, பிசி ஏஆர்பியில யாரோட மேக் முகவரியைக் கேக்கும்?” பாதிப் பேர் “சர்வரோடதுண்ணா” என்பார்கள். தவறு. சர்வர் வேறு நெட்வொர்க்கில் இருக்கிறது என்பதைப் பிசி தன் மாஸ்க்கை வைத்துக் கண்டுபிடித்துவிடும். அதனால் அது கேட்பது டீஃபால்ட் கேட்வேயின், அதாவது உள்ளூர் ரவுட்டரின், மேக் முகவரி. ஃபிரேமில் போய்ச் சேரவேண்டிய மேக் ரவுட்டருடையது, பாக்கெட்டில் போய்ச் சேரவேண்டிய ஐபி சர்வருடையது. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் மேக் இரண்டும் மாறும். நாட் இல்லாத வரை ஐபி இரண்டும் மாறாது.

இது புரிந்தால் சுவிட்ச் எதைப் பார்க்கிறது, ரவுட்டர் எதைப் பார்க்கிறது என்ற கேள்விகள் அத்தனையும் ஒரே அடியில் விழும். பாக்கெட் ட்ரேசரின் சிமுலேஷன் மோடில் ஒவ்வொரு ஹாப்பிலும் உறையைத் திறந்து பார்க்கலாம். நீங்கள் சொன்னதும் திரை காட்டுவதும் ஒத்துப்போகும்வரை திரும்பச் செய்யுங்கள்.

5. லேப் போடும் வரிசை

ஒவ்வொரு லேப்புக்கும் ஒரே முறை. வீடியோ பார்த்துக்கொண்டே ஒருமுறை செய்யுங்கள். மூடிவிடுங்கள். மறுநாள் வெறும் திரையிலிருந்து, நோட்ஸ் பார்க்காமல், நீங்களாகக் கட்டுங்கள். எங்கே நின்றுபோகிறீர்களோ அதைச் சிவப்பில் எழுதிவையுங்கள். கை நிற்கும் அந்த இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய பாடம், மற்றது ஏற்கெனவே தெரிந்தது.

வரிசை இப்படி இருக்கட்டும். ஹோஸ்ட்நேம், பாஸ்வேர்டு, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைவது). பிறகு விலானும் ட்ரங்கும். பிறகு ஒரே ரவுட்டர் போர்ட்டில் பல விலான்களை இணைப்பது. பிறகு ஸ்பானிங் ட்ரீ (சுவிட்சுகளுக்குள் சுழற்சி வராமல் தடுப்பது), ஈதர்சேனல். பிறகு ஸ்டாட்டிக் ரூட், அதன் பின் ஓஎஸ்பிஎஃப். பிறகு டிஎச்சிபி, நாட். பிறகு போர்ட் செக்யூரிட்டி, டிஎச்சிபி ஸ்னூப்பிங் (போலி டிஎச்சிபி சர்வரைத் தடுப்பது). கடைசியில் ஏசிஎல். ஏசிஎல் கடைசியில் வருவதற்குக் காரணம், அது தடுப்பதைப் பார்க்க முதலில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடாத நெட்வொர்க்கில் ஏசிஎல் போட்டுப் பிங் போகவில்லை என்றால் தடுத்தது ஏசிஎல்லா, விட்டுப்போன ரூட்டா என்று தெரியாது.

ஒவ்வொரு லேப்பையும் புதிய ஃபைலில் தொடங்காமல், முந்தைய லேப்பின் மேலேயே அடுத்ததைக் கட்டுங்கள். இரண்டு மாதத்தில் உங்களிடம் ஒரு முழு நிறுவனத்தின் நெட்வொர்க் இருக்கும்.

புதியவர்கள் பயப்படும் இரண்டு விஷயம் உண்மையில் பிழையே இல்லை. சுவிட்சில் கேபிள் சொருகியதும் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். ஸ்பானிங் ட்ரீ கேட்பதற்கு 15 நொடி, கற்பதற்கு 15 நொடி எடுத்துக்கொள்கிறது, 30 நொடியில் பச்சையாகும். அதற்குள் பிங் அடித்து, போகவில்லை என்று கான்ஃபிகரேஷனை அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, ரவுட்டரிலிருந்து முதல் பிங் அடிக்கும்போது முதலில் ஒரு புள்ளி, பிறகு நான்கு ஆச்சரியக்குறி வரும். ஏஆர்பி பதில் வருவதற்குள் முதல் பாக்கெட் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். மறுபடி அடித்தால் ஐந்தும் வரும்.

உண்மையான பிழைகளும் உண்டு. ட்ரங்கில் 10, 20 விலான்களை அனுமதித்திருக்கிறீர்கள். இப்போது 30ஐச் சேர்க்க வேண்டும். ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலான் 30’ என்று அடித்தால் 10ம் 20ம் போய்விடும், 30 மட்டும் நிற்கும். நடுவில் ‘ஆட்’ என்ற சொல் வேண்டும். லேப்பில் இது ஒரு பிங் தோல்வி. கம்பெனியில் இது ஒரு தளம் முழுக்க நெட் போய், சூப்பர்வைசர் போன் அடிக்கும் சமாச்சாரம்.

ஈதர்சேனலில் இரண்டு பக்கமும் ‘பாஸிவ்’ போட்டால் எழும்பாது, இருவரும் எதிராளி பேசட்டும் என்று காத்திருப்பார்கள். ஒரு பக்கமாவது ‘ஆக்டிவ்’ வேண்டும். ஏசிஎல்லில் கடைசி வரியாகக் கண்ணுக்குத் தெரியாத ‘எல்லாவற்றையும் மறு’ இருக்கிறது. ஒரு மறுப்பு வரி மட்டும் எழுதிவிட்டு மற்றதெல்லாம் ஏன் நின்றது என்று கேட்காதீர்கள். முடித்ததும் ரன்னிங் கான்ஃபிக்கை ஸ்டார்ட்டப்புக்குக் காப்பி செய்வது கைப்பழக்கமாக வேண்டும்.

6. ஷோ கமாண்டின் வெளியீட்டைப் படிக்கப் பழகுங்கள்

தேர்வில் பல கேள்விகள் ஒரு வெளியீட்டைக் காட்டி என்ன நடக்கும் என்று கேட்பவை. அடிக்கத் தெரிந்தவர்கள்கூட இங்கே மதிப்பெண் விடுகிறார்கள். ஒவ்வொரு லேப் முடிந்ததும் ‘ஷோ ஐபி ரூட்’, ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்’, ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்’ மூன்றையும் அடித்து, வரி வரியாக என்ன பொருள் என்று நோட்டில் எழுதுங்கள்.

அடிக்கடி ஏமாற்றும் கேள்வி இது. ரவுட்டிங் டேபிளில் மூன்று வரி இருக்கிறது. 10.20.0.0/16 ஓஎஸ்பிஎஃப் வழியாக. 10.20.30.0/24 ரிப் என்ற பழைய நெறிமுறை வழியாக. 0.0.0.0/0 ஸ்டாட்டிக். பாக்கெட் 10.20.30.77க்குப் போக வேண்டும். எந்த வழி?

நிர்வாகத் தூரத்தை, அதாவது எந்த வழிமூலத்தை எவ்வளவு நம்புவது என்ற எண்ணை, மனப்பாடம் செய்தவர்கள் “ஸ்டாட்டிக் 1, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120, ஆக ஸ்டாட்டிக்” என்று குதிப்பார்கள். விடை ரிப் வழி. ரவுட்டர் முதலில் பார்ப்பது மிக நீளமாகப் பொருந்தும் முன்னொட்டு, அதாவது முகவரியின் நெட்வொர்க் பகுதி. /24 எல்லாவற்றையும்விட நீளம். நிர்வாகத் தூரம் பேச்சுக்கு வருவது, ஒரே முன்னொட்டும் ஒரே நீளமும் கொண்ட ரூட்டை இரண்டு நெறிமுறைகள் கொண்டுவரும்போது, டேபிளுக்குள் யாரை ஏற்றுவது என்று முடிவு செய்யத்தான். ஒரே நெறிமுறைக்குள் இரண்டு வழி இருந்தால் மெட்ரிக், அதாவது வழியின் செலவு. முன்னொட்டு, தூரம், மெட்ரிக் மூன்றும் எந்தெந்தக் கட்டத்தில் வருகின்றன என்று ஒரு பக்கத்தில் படம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 25 சதவீதப் பிரிவின் முதுகெலும்பு இதுதான்.

ஓஎஸ்பிஎஃப் நெய்பர் வெளியீட்டில் ‘ஃபுல்’ வந்தால் நலம். ஒரே சுவிட்சில் பல ரவுட்டர்கள் இருக்கும்போது டிஆரும் (தலைமை ரவுட்டர்) பிடிஆரும் (அதற்கு மாற்று) ஆகாத இருவருக்குள் ‘டூவே’ நின்றால் அதுவும் நலமே, பிழை என்று துரத்தாதீர்கள். ‘எக்ஸ்ஸ்டார்ட்’டில் தொங்கினால் எம்டியூவை, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவை, பாருங்கள். நெய்பரே வரவில்லையென்றால் ஏரியா எண், ஹலோ மற்றும் டெட் டைமர், சப்நெட் மாஸ்க், பாஸிவ் இன்டர்ஃபேஸ், இந்த வரிசையில் தேடுங்கள். ஈதர்நெட்டில் வழக்கமாக ஹலோ 10 நொடி, டெட் 40 நொடி.

7. உடைத்துத் திருத்துங்கள்

கூடப் படிக்கும் ஒருவரைப் பிடியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் லேப் ஃபைலை வாட்சாப்பில் அனுப்புங்கள். அவர் ஒரே ஒரு இடத்தில் உடைத்துத் திருப்பி அனுப்பட்டும்: ஒரு மாஸ்க்கை மாற்றலாம், ஒரு போர்ட்டை ஷட்டவுன் செய்யலாம், நேட்டிவ் விலானை (ட்ரங்கில் குறியில்லாமல் போகும் விலான்) ஒரு பக்கம் மட்டும் மாற்றலாம். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். நிபந்தனை, ‘ஷோ ரன்’ பார்க்கக்கூடாது. முழு கான்ஃபிகரேஷனையும் கண்ணால் மேய்ந்து பிழை கண்டுபிடிப்பது சிறிய லேப்பில் மட்டும் நடக்கும், அது அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் பழக்கத்தைத் தராது.

கீழிருந்து மேலே போங்கள். போர்ட் எழும்பியிருக்கிறதா, சரியான விலானில் இருக்கிறதா, ட்ரங்க் அந்த விலானை விடுகிறதா, ஐபியும் மாஸ்க்கும் கேட்வேயும் சரியா, ரூட் இருக்கிறதா, திரும்பி வர ரூட் இருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்வியை மறப்பவர்கள் அதிகம். போன பாக்கெட் திரும்பவும் வர வேண்டும்.

துணைக்கு ஆள் இல்லாதவர்கள் ஐந்து ஃபைல்களை நீங்களே உடைத்து, ஒரு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். எதை உடைத்தோம் என்பது பெரும்பாலும் மறந்திருக்கும்.

8. மனப்பாடத்துக்கு உரியவை

இந்தப் பகுதி சிறியது. போர்ட் எண்கள்: எஸ்எஸ்எச் 22, டெல்நெட் 23, டிஎன்எஸ் 53, டிஎச்சிபி 67, 68, டிஎஃப்டிபி 69, என்டிபி 123, எஸ்என்எம்பி 161, 162, சிஸ்லாக் 514. நிர்வாகத் தூரம்: நேரடி இணைப்பு 0, ஸ்டாட்டிக் 1, வெளி பிஜிபி 20, ஈஐஜிஆர்பி 90, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120. 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. சிஸ்லாக் தீவிர நிலைகள் 0 முதல் 7 வரை.

இவற்றை ஆன்கி செயலியில் அட்டைகளாகப் போட்டுப் போனில் வையுங்கள். மறக்கப்போகும் நேரத்தில் அதுவே எடுத்துக் கேட்கும். அட்டையை நீங்களே எழுத வேண்டும். அடுத்தவர் செய்த ஆயிரம் அட்டைத் தொகுப்பை இறக்கினால் ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

ஆட்டோமேஷன் பிரிவைப் பலர் தொடுவதே இல்லை. “எனக்குக் கோடிங் வராதுண்ணா” என்பார்கள். அங்கே யாரும் உங்களை நிரல் எழுதச் சொல்லவில்லை. ஜேசன் என்ற வடிவில் எழுதிய தரவைப் பார்த்து எது பட்டியல், எது சாவி-மதிப்பு என்று சொல்லத் தெரிய வேண்டும். ரெஸ்ட் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேட்கும் முறை) வினைகள், கன்ட்ரோலர் வழி நெட்வொர்க்குக்கும் பழைய முறைக்கும் வித்தியாசம், இவை தெரிந்தால் போதும். நான்கைந்து மாலை நேரத்தில் முடியும் பாடத்துக்கு 10 சதவீதம்.

9. ஷிஃப்டில் இருப்பவர்கள் நேரத்தைப் பிரிக்கும் விதம்

தினம் ஒரே நேரத்தில் படிக்கச் சொல்லும் அட்டவணை ஷிஃப்ட் மாறுபவருக்கு உதவாது. வாரத்தை வேலையோடு பொருத்துங்கள். காலை ஷிஃப்ட் வாரத்தில் மாலை முழுதாகக் கிடைக்கும், புதிய பாடமும் புதிய லேப்பும் அப்போது. இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் காலையில் பழைய லேப்பை வெறும் திரையிலிருந்து கட்டுங்கள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் புதிதாக எதையும் தொடாதீர்கள், சப்நெட்டிங்கும் அட்டைகளும் போதும். தூக்கம் கெட்ட மூளையில் ஓஎஸ்பிஎஃப் ஏறாது.

கம்பெனி பஸ்ஸில் வீடியோ பார்க்கலாம், ஆனால் அதைப் படித்த கணக்கில் சேர்க்காதீர்கள். பஸ்ஸுக்கு ஏற்றது அட்டைகள்தான்.

ஐந்தாறு மாதம் இப்படிப் போனால் பெரும்பாலோருக்குப் போதும். மூன்று வாரத்தில் முடித்தேன் என்பவர்களின் பேச்சைக் கேட்டு மிரள வேண்டாம், அவர்களில் பலர் ஏற்கெனவே அந்த வேலையில் இருந்தவர்கள்.

10. மாதிரித் தேர்வும் டம்பும்

மாதிரித் தேர்வை எல்லா லேப்பும் முடிந்த பிறகே தொடங்குங்கள். முன்னதாக எழுதினால் கேள்விகள் மனதில் பதிந்து, பிற்பாடு வரும் நல்ல மதிப்பெண் பொய்யாகிவிடும். 120 நிமிடத்தை அலாரம் வைத்து, எழுந்திருக்காமல் எழுதுங்கள்.

எழுதும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் திருத்துவதற்குப் போக வேண்டும். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் எழுதுங்கள். குருட்டாம்போக்கில் சரியானவையும் இதில் சேரும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் இங்கேயே ஆங்கிலக் கேள்வி வாசிப்பையும் பழகிக்கொள்ள வேண்டும். ‘சூஸ் டூ’ என்றால் இரண்டு விடை. ‘நாட்’, அதாவது ‘அல்ல’ என்ற பொருளில் வரும் NOT, என்ற சொல்லைத் தவறவிட்டால் முழுக் கேள்வியும் போச்சு. கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்துவிட்டு மேலே உள்ள கதைக்குப் போங்கள், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து படிக்கலாம்.

டெலிகிராமில் சுற்றும் டம்ப் (தேர்வுக் கேள்விகளைத் திருடித் தொகுத்தது) பிடிஎஃப் வேண்டவே வேண்டாம். சிஸ்கோவின் ஒப்பந்தத்துக்கு அது எதிரானது, கண்டுபிடித்தால் சான்றிதழையே ரத்து செய்வார்கள். அது போக, அவற்றில் உள்ள விடைகளில் தவறானவை நிறைய. தேறினாலும் ஓசூரிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ நேர்முகத்தில் ஒரு மார்க்கரைக் கையில் கொடுத்து “/27ஐப் பிரிச்சுக் காட்டுப்பா” என்றால் என்ன செய்வீர்கள்?

11. பதிவு, பெயர், இடம்

வெளியீடு படிப்பதும் உடைத்துத் திருத்துவதும் கைக்கு வந்த பிறகு, மூன்று நான்கு வாரம் தள்ளித் தேதி பிடியுங்கள். தொடக்கத்திலேயே பிடிப்பவர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பிடிக்கவே மாட்டேன் என்பவர்கள் ஒரு வருடம் கழித்தும் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பதிவு, தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் தளத்தில். இங்கே நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது: இனிஷியல். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அடையாள அட்டையில் அப்பா பெயர் விரிவாக இருந்து, இங்கே ஓர் எழுத்து மட்டும் போட்டால் மையத்தில் நிறுத்திவிடலாம். எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். பாஸ்போர்ட் இருந்தால் வம்பே இல்லை. பதிவு உறுதியாகி வரும் மின்னஞ்சலில் என்னென்ன அட்டை ஏற்கப்படும் என்று இருக்கும், அன்றே படியுங்கள்.

வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதும் வசதி உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி, கதவைத் திறந்துவிடும் தம்பி தங்கை, எல்லாவற்றுக்கும் கண்காணிப்பாளர் பதில் கேட்பார். வேறு வழியே இல்லையென்றால் மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தேதி பிடியுங்கள்.

மையத்துக்குப் போவதென்றால் நம் இரு மாவட்டத்துக்கும் பெங்களூரு கைக்கெட்டும் தூரம். ஆனால் காலை நேரத்தில் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசல் உங்கள் கணக்கைக் கவிழ்த்துவிடும். பிற்பகல் நேரத்தை எடுங்கள், அல்லது முந்தின இரவே போய்த் தங்குங்கள். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது, பஸ்தான். தருமபுரி, ஓசூர்க்காரர்கள் ரயிலை நம்பினால் ஒரு வண்டி முந்தியதைப் பிடியுங்கள்.

12. தேர்வறையில்

முடித்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. இது தெரியாமல் “அப்புறம் பார்ப்போம்” என்று தாண்டியவர்கள் உண்டு. தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டே நகருங்கள்.

எழுதிப் பார்க்கக் கொடுக்கும் பலகையில் முதல் வேலையாக அந்த 128, 64, 32 வரியையும் மாஸ்க் வரியையும் எழுதிவிடுங்கள். தொடக்கத் திரையில் மொத்தக் கேள்வி எத்தனை என்று பார்த்து, பாதி நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

லேப் கேள்வி வந்தால் முதலில் கேட்டிருப்பதை முழுதாகப் படியுங்கள், பிறகு படத்தைப் பாருங்கள், அப்புறம்தான் கமாண்ட். ஒரு லேப்பில் பல வேலைகள் இருக்கும். ஒன்றில் சிக்கினால் மற்றவற்றை முடித்துவிட்டுத் திரும்புங்கள், ஒரே கேள்விக்குள் அது நடக்கும். சேமிக்கச் சொல்லியிருந்தால் சேமித்துவிட்டே ‘நெக்ஸ்ட்’ அழுத்துங்கள்.

13. தேறாமல் போனால்

மறுநாளிலிருந்து 5 நாள் கழிந்துதான் மறுபடி எழுத முடியும். ஆறாம் நாளே ஓட வேண்டாம். மதிப்பெண் அறிக்கையில் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை சதவீதம் என்று இருக்கும். அதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிய பட்டியலுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

ஐபி கனெக்டிவிட்டி குறைவென்றால் இந்த வழிகாட்டியின் 6ஆம், 7ஆம் பகுதிகள் மறுபடி. அடிப்படைகள் குறைவென்றால் 3க்குத் திரும்புங்கள், தினம் பத்துக் கணக்கு. ஐபி சர்வீசஸும் ஆட்டோமேஷனும் மட்டும் குறைவென்றால் இரண்டு வாரம் போதும். வந்த கேள்விகளில் எந்தெந்தத் தலைப்பில் கை நின்றது என்று அன்று மாலையே, திரும்பும் பஸ்ஸில், உங்களுக்காக மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கேள்வியைக் குழுவில் போடுவது ஒப்பந்த மீறல். தலைப்புகள் போதும், அடுத்த மாதத்துக்கான லேப் பட்டியல் அதிலிருந்தே கிடைத்துவிடும்.